பதினேழாம் எண் ஈக்கள்

பிப்ரவரி 7, திங்கள்

மூடுபனி. பஸ் முக்கால் மணி தாமதம். ஈ அறையில் சூடு 25. சரி.

மீனா கொடுத்த டைரி. ஒரு மாதமாகப் பெட்டியில் கிடந்தது. முதல் பக்கத்தில் பெயர் எழுத வேண்டுமாம். சூசை. வயது அறுபத்தேழு. பள்ளிக்கூடம் போனதில்லை. தமிழ் எழுத்து ஐம்பதுக்கு மேல் கோயில் உபதேசியாரிடம் கற்றது. இங்கிலீஷ், இந்தி எழுத்து தெரியாது, எண்கள் தெரியும். லேபில் என்னை ‘அன்பட்’ என்பார்கள், எழுத்தறியாதவன். போகட்டும். இந்த டைரியை மேசையில் திறந்து வைத்தாலும் படிக்க அங்கே ஆள் இல்லை. மீனா தமிழ்ப் பெண்தான், ஆராய்ச்சி படிக்கிறாள், தில்லியில் பிறந்தவள். எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “தாத்தாஜி, உங்க எழுத்து எனக்கு ஜிலேபி மாதிரி இருக்கு.”

இன்று காய்ச்சிய தீனி:
மக்காச்சோள மாவு
வெல்லம்
ஈஸ்ட்
அகர் (கடற்பாசி)
பூசணம் பிடிக்காத மருந்து, கடைசியில்.
நூற்றிருபது பாட்டில். ஒன்று விரிசல்.

முப்பத்தொரு வருடமாக இதே வேலை. பழ ஈக்குத் தீனி காய்ச்சுவது, பாட்டில் கழுவுவது, பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒவ்வொரு வகை ஈயையும் புதுப் பாட்டிலுக்கு மாற்றுவது. ரிட்டையர் ஆன பிறகும் தினக்கூலியில் வைத்திருக்கிறார்கள். அந்தோணியம்மாள் காலையில்: “கட்டினவளுக்கு ஒரு காப்பி போடத் தெரியாது. ஈக்கு மட்டும் வெல்லம் போட்டுக் கிண்டிக் கிண்டி ஊட்டுது மனுசன்.” பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். நானும்.

கால் வீக்கம் பரவாயில்லை.

பிப்ரவரி 8, செவ்வாய்

தீனி அடிப்பிடித்தது. என் ஆயுளில் மூன்றாவது முறை. காரணம் எழுதுகிறேன்.

பதினோரு மணி டீ. பெரிய சாப் (எங்கள் புரொபசர்) அறையில் எல்லோரும் சிரித்தது வராந்தா வரை கேட்டது. மீனா வெளியே வந்து பாத்திரத்தருகே நின்றாள். என்ன சிரிப்பு என்றேன்.

“வெளிநாட்டுல ஒரு பேப்பர் வந்திருக்கு தாத்தாஜி. பொண்ணு ஈ. பாடி பூரா பொண்ணு. ஆனா முட்டையா ஆகணுமே உள்ள ஒரு செல், அதுக்கு மட்டும், தான் ஒரு பொண்ணுன்னே தெரியல. ஆண் ஈயோட விதை மாதிரி சின்னச் சின்னதா பெருகிட்டே போகுது. முட்டையே ஆகாது.”

“ஏன் தெரியல?”

“பாடி தனியா முடிவு பண்ணும், அது தனியா முடிவு பண்ணும். பாடி சொல்றதை அதுவும் கேக்கணும், தனக்குள்ளயும் பாக்கணும். ரெண்டும் சேரணும். அதுதான் புதுசு.”

“இதுல சிரிக்க என்ன?”

“சாப் சொன்னாரு, இதே மாதிரி நம்ம லேப்ல ஒரு மதராசி லட்கி, தமிழ்ப் பொண்ணு, சொன்னாளாம், எப்பவோ. அப்புறம் அவளே வந்து தப்புன்னுட்டாளாம். எண்ணிக்கை எல்லாம் கற்பனையாம். நல்ல வேளை அச்சுக்குப் போகல, நம்ம மூக்கு தப்பிச்சுதுன்னு. நீங்க அவங்களைப் பாத்திருக்கீங்களா?”

பாத்திரத்தில் புகை. “ஜல்தி, ஜல்தி, தாத்தாஜி!” என்று அவள்தான் அடுப்பை அணைத்தாள்.

பார்த்திருக்கிறேன் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 9, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. பஞ்சு அடைப்பு இருநூறு உருட்டினேன்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம், ஈ அறையில் மீண்டும் அந்தக் குரல். மூன்று நான்கு மாதமாக இல்லாமல் இருந்தது. “நேர், சுருள், நேர், நேர், சுருள்.” இறக்கையை எண்ணும் குரல். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருக்காது என்று தெரியும். பார்க்காமல் இருந்தால் இருந்துகொண்டே இருக்கும்.

செத்தவர் குரல் கேட்பதாகச் சொல்வார்கள். வத்சலா உயிரோடு இருக்கிறாள். இதே ஊரில்.

பிப்ரவரி 10, வியாழன்

எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். ஒன்றும் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருக்கும்.

வத்சலா. திருநெல்வேலிப் பக்கம். வந்தபோது வயது இருபத்து மூன்று. தமிழ் பேச ஆள் கிடைத்தது என்று என்னைப் பெரியப்பா என்பாள். பதினேழாம் எண் ஈக்கள் அவள் கண்டுபிடித்தவை. அந்த வகையில் இரண்டு விதம் பிறக்கும். சுருண்ட இறக்கை, நேர் இறக்கை. சுருள் இறக்கைப் பெண் முட்டையிடும், வம்சத்தைக் கொண்டு போவது அதுதான். நேர் இறக்கைப் பெண் ஒரு முட்டையும் இடாது. ஏன் என்றுதான் அவள் மூன்று வருடம் பார்த்தாள்.

ஒரு நாள் மைக்ராஸ்கோப்பில் எனக்கும் காட்டினாள். நல்ல ஈயின் முட்டைப்பை வாழைச் சீப்பு மாதிரி. பதினேழின் நேர் இறக்கைப் பெண்ணுக்கு, கேழ்வரகைத் திணித்துக் கட்டிய பை. “பாத்தீங்களா பெரியப்பா, உடம்பு பொண்ணுதான். உள்ள இருக்கறதுக்குத்தான் தான் யாருன்னே தெரியல. பாவம்ல?” என்றாள். ஈயைப் பாவம் என்று சொன்ன ஒரே ஆள் அந்த லேபில்.

உலகத்தில் வேறெங்கும் அந்த ஈ கிடையாது. நான்கு பாட்டில், அவ்வளவுதான்.

கை வலிக்கிறது. மீதி நாளை.

பிப்ரவரி 11, வெள்ளி

மழைத் தூறல். ரொட்டி, உருளைக்கிழங்கு. அந்தோணியம்மாளுக்கு இருமல்.

மீதி:

1972 ஜூன். அவள் அப்பாவுக்கு முடியவில்லை என்று தந்தி. “பெரியப்பா, பதினேழு உங்க பொறுப்பு. வேற யாரையும் தொட விடாதீங்க” என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினாள். லீவு என்பதால் லேபில் ஆள் இல்லை. குளிர்ப்பெட்டி மூன்று நாள் ஓடவில்லை. லூ என்கிற அனல்காற்று வீசுகிறது. ஈரத்துணி சுற்றினேன், பானைத் தண்ணீரில் பாட்டில்களை நிறுத்தினேன். மற்ற வகை எல்லாம் அடித்தளத்தில் இன்னொரு செட் இருந்தது. பதினேழுக்கு இல்லை. புழுவெல்லாம் தீனியிலேயே வெந்துவிட்டது.

மிச்சம் உயிரோடு ஏழு ஈ.
சுருள் பெண் 2
நேர் பெண் 2
ஆண் 3

புதுப் பாட்டிலுக்கு மாற்ற வேண்டும். யார் யார் என்று பார்க்க மயக்க வேண்டும். வழக்கமான அளவுதான் ஈதர் விட்டேன். அந்தச் சூட்டில் சீசாவைத் திறந்ததுமே ஈதர் தானாகக் கொதித்தது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருபது வருடம் கையாண்டவன். கொட்டிப் பார்த்தால் சுருள் பெண் இரண்டுக்கும் இறக்கை செங்குத்தாக நின்றது. ஈதர் அதிகமானால் அப்படித்தான், செத்த ஈ இறக்கையைத் தூக்கிக்கொள்ளும். மற்ற ஐந்தும் எழுந்தன. நேர் பெண் இரண்டும் நன்றாகவே நடந்தன. அவை நடந்து என்ன பயன்.

பயம். மூன்று பிள்ளைகள், வேலை போய்விடும். அடுத்த தட்டில் இருபத்து மூன்றாம் எண். அதிலும் சுருள், நேர் இரண்டும் பிறக்கும், பார்வைக்கு ஒன்று போலவே. ஆனால் அதில் எல்லாப் பெண்ணும் முட்டையிடும். அதிலிருந்து நான்கு பாட்டிலில் கொட்டினேன். பழைய சீட்டைப் பார்த்து இங்கிலீஷ் எழுத்தைப் படம் போல வரைந்து ஒட்டினேன். ரிஜிஸ்டரில் உயிரோடிருக்கும் வகைக்கு எதிரே நான்தான் கோடு போடுவேன். பதினேழுக்கும் போட்டேன்.

அவள் திரும்பியது முப்பத்தெட்டாம் நாள். அப்பா போய்விட்டார். ஒரு வாரத்தில் நேர் இறக்கைப் பெண்ணை அறுத்துப் பார்த்தாள். வாழைச் சீப்பு. இன்னொன்று. வாழைச் சீப்பு. நாற்பது ஈ அறுத்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“பெரியப்பா, பாட்டில் எதுவும் மாறிப்போச்சா?”

“இல்லம்மா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“என் கையிலதானே இருந்துச்சு. மாறலம்மா.”

“நீங்க சொன்னா சரிதான்” என்றாள்.

ஒரே தடவைதான் கேட்டாள். தன் கண்ணை நம்பாமல் என் வாயை நம்பினாள். அவளே பெரிய சாப்பிடம் போய், என் பழைய கணக்கு தப்பு என்றாள். எல்லோர் முன்னாலும் அவர் கத்தினார். தப்பு இல்லை, பொய், மூன்று வருடப் பொய் என்றார். வராந்தாவில் பாட்டில் கழுவிக்கொண்டு நான். தண்ணீர்க் குழாயை நன்றாகத் திறந்துவிட்டேன், காதில் விழாதிருக்க. விழுந்தது.

பட்டம் இல்லாமல் போனாள்.

பிப்ரவரி 12, சனி

அரை நாள். மாலை கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை, புதன்கிழமை தவக்காலம் தொடங்குவதால். நிற்கவில்லை.

இதை முன்பே ஒரு முறை சொல்லியாயிற்று. பழைய சாமியாரிடம், அந்த வருடமே. அவர் தட்டிக்கு அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. “ஈ செத்ததெல்லாம் பாவமா சூசை? பொய் சொன்னியா? அதுக்கு மூணு அருள் நிறை மரியே சொல்லு.” முப்பது சொன்னேன். அடுத்த நாள் மதியம் “நேர், சுருள்.”

பிப்ரவரி 14, திங்கள்

புசா ரோட்டில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். நான்கு வருடத்துக்கு முன்பு அங்கே பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். சேலையில் சாக்குக்கட்டித் தூள். காவலாளியிடம் கேட்டேன், வத்சலா டீச்சர், ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு, சயின்ஸ் என்றான். அதற்குப் பிறகு அந்த வழி பஸ்ஸில் ஏறுவதில்லை. சுற்றிப் போவேன்.

இன்று போனேன். கேட் வரை. உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம். காவலாளி, “யாரைப் பாக்கணும் பெரியவரே?” என்றான். யாரையும் இல்லை என்று வந்துவிட்டேன். லேபுக்குத் தாமதம். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மீனா கேட்டாள்: “உடம்பு சரியில்லையா? ரெண்டு நாளா உங்களுக்குள்ளயே ஏதோ எண்ணிட்டிருக்கீங்க.”

எண்ணுவது நானா. அதுவும் தெரியாமல் போயிற்று.

பிப்ரவரி 15, செவ்வாய்

அந்தோணியம்மாளிடம் எல்லாம் சொன்னேன். பதினோரு வருடம் கழித்து. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“அந்தப் பொண்ணு நம்ம வீட்டுல வந்து சாப்பிட்டிருக்கு.”

“ஆமா.”

“மீன் முள்ளை எடுக்கத் தெரியாம நான் எடுத்துக் குடுத்தேன்.”

“ஆமா.”

“போய்ச் சொல்லுங்க. வேலை போனா போவுது. சொல்லாம இந்த வீட்டுல உக்காந்து என் மூஞ்சியைப் பாக்காதீங்க.”

பிப்ரவரி 16, சாம்பல் புதன்

காலைப் பூசை. நெற்றியில் சாம்பல். அங்கிருந்து நேரே புசா ரோடு. கேட்டருகே பிள்ளைகள்: “ஏய், தாத்தா நெத்தியில கரி!”

டீச்சர்கள் அறை. அவள் தனியாக, நோட்டுத் திருத்திக்கொண்டு. முன்தலை நரைத்திருக்கிறது. தடிமனான கண்ணாடி. பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

“வாங்க பெரியப்பா. என்ன இந்தப் பக்கம்? உக்காருங்க.”

“நின்னுக்கிறேம்மா. பதினேழைப் பத்தி.”

எந்தப் பதினேழு என்று கேட்கவில்லை. சிவப்புப் பேனா நின்றுவிட்டது.

சொன்னேன். குளிர்ப்பெட்டி, ஈதர், இருபத்து மூன்று, சீட்டு, கோடு. முழுதும். அவள் அழவில்லை, திட்டவில்லை. கேள்வி கேட்டாள். லேபில் கேட்பது போலவே.

“ரூம்ல எவ்வளவு சூடு?”

“நாப்பத்திரண்டு.”

“எந்தத் தேதி?”

“ஜூன் பதினாலு. புதன். மதியம் ரெண்டு இருக்கும்.”

“பொண்ணு எத்தனை?”

“நாலு. சுருள் ரெண்டும் செத்துச்சு.”

“ஆண்?”

“மூணு.”

“அதுவும் செத்துச்சா?”

“இல்லம்மா. நல்லா இருந்துச்சு. அஞ்சு நாள் வச்சிருந்தேன். அப்புறம் எண்ணெய்ச் சீசாவுல கொட்டிட்டேன். பொண்ணு இல்லாம அது எதுக்குன்னு.”

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். வெளியே எங்கோ வாய்ப்பாடு.

“ஆண் போதும் பெரியப்பா” என்றாள். “அந்த மூணுல ஒண்ணு போதும். அதுக்குள்ளயும் அந்தக் குறை இருக்கு. வேற சுருள் வகைல ஒரு கன்னி ஈயோட விட்டிருந்தா ரெண்டு தலைமுறைல பதினேழை மறுபடி எடுத்திருப்பேன். சூட்டுல மலடாயிருந்தாலும் ஒரு வாரத்துல சரியாயிருக்கும். அஞ்சு நாள் உயிரோட வச்சிருந்தீங்களா?”

“ஆமாம்மா.”

“எனக்கு ஒரு தந்தி குடுத்திருக்கலாமே. யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. லேப்ல யாரு இருந்தாலும் இதைச் சொல்லியிருப்பாங்களே.”

எனக்குத் தெரியாதம்மா என்றேன். அதுதான் உண்மை. ஈதரில் செத்தது தவறு. அந்த ஐந்து நாள்தான் பாவம். இதை எந்தச் சாமியாரும் எனக்குச் சொல்லவில்லை.

“பதினோரு வருஷமா என் கண்ணுதான் தப்புன்னு நெனச்சேன். மூணு தடவை கண்ணாடி மாத்தினேன். பிள்ளைங்க கணக்குல கூட ரெண்டு தடவை கூட்டிப் பாக்கறேன். அம்மா கல்யாணத்துக்குப் பாத்தப்போ, நம்ம புத்தியே சரியில்ல, இன்னொருத்தரை எதுக்கு இழுத்து விடணும்னு வேண்டாம்னுட்டேன்.”

மணி அடித்தது. நோட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

“வெளிநாட்டுல ஒருத்தர் அதையே எழுதியிருக்காராம்மா” என்றேன்.

“தெரியும். அது வந்த வாரமே லைப்ரரில படிச்சேன். அப்பவும் நான் கண்டது வேற ஏதோன்னுதான் நெனச்சேன்.”

கதவருகே நின்றாள். “என்கிட்ட சொல்லி என்ன? சாப்கிட்ட சொல்லுங்க. எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க. என்னைச் சொன்னதும் எல்லாரும் இருக்கும்போதுதான்.”

மன்னிப்பு கேட்க வாய் திறந்தேன். போய்விட்டாள்.

பிப்ரவரி 17, வியாழன்

பெரிய சாப் வெளியூர். தீனி எண்பது பாட்டில். சாம்பலைக் கழுவவில்லை, தானாகப் போயிற்று. ஈ அறையில் மதியம் ஒரு மணி நேரம் வேண்டுமென்றே தனியாக இருந்தேன். சத்தம் வந்தது. இப்போது எண்ணவில்லை. “ஆண்? ஆண்?” என்றே கேட்கிறது.

பிப்ரவரி 18, வெள்ளி

பதினொன்றேகால். டீ. எட்டுப் பேர். தட்டை வைத்துவிட்டு வெளியே வராமல் நின்றேன். என் இந்தி பஜார் இந்தி. அதில் சொன்னேன்.

ஒருவன், “ஈதர் ஏறிடுச்சு போல சூசைஜிக்கு” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். மீனா சிரிக்கவில்லை. “கொஞ்சம் சும்மா இருங்க, அவர் சொல்றதைக் கேளுங்க” என்றாள். நான் சொன்னதை எல்லோருக்கும் இங்கிலீஷில் திருப்பிச் சொன்னாள்.

பெரிய சாப் பழைய ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். நம்பவில்லை. அந்த ஜூனில் என்னென்ன வகை, எந்த நாள் மாற்றினாய் என்று கேட்டார். முதல் தட்டிலிருந்து சொல்லிக்கொண்டே போனேன். அவர் விரல் பக்கத்தில் ஓடியது. முப்பது வகை வந்ததும் போதும் என்றார். ஒன்றும் தப்பவில்லை போலிருக்கிறது. சிரித்தவன் தலை குனிந்திருந்தான்.

அப்புறம் கேட்டார், இந்தியில்: “ஆண் ஏதாவது மிஞ்சியதா?”

“மூணு, சாப்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“பொய் என்றேன் அவளை. இந்த அறையில்.” யாரிடமும் இல்லை, மேசையிடம் சொன்னார். பிறகு, “எந்த நாட்டில் இருக்கிறாள் இப்போது?”

“புசா ரோடு, சாப்.”

“தில்லியிலா?”

“இத்தனை வருஷமும்.”

எட்டுப் பேரில் யாரும் டீ குடிக்கவில்லை. இனி வேலைக்கு வராதே என்று சொல்வார் என நின்றேன். சொன்னார். மார்ச்சிலிருந்து வேண்டாம். சரி என்றேன். “நாளைக்கு என்னோடு வா. எனக்கு வழி காட்டு” என்றார்.

அந்தோணியம்மாள் இன்று எனக்குக் காப்பி போட்டாள்.

பிப்ரவரி 19, சனி

பள்ளிக்கூட வராந்தா. பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலால் எழுதுகிறேன்.

காரில் வந்தோம். சாப் கையில் ஒரு கவர். காலையில் அவரே டைப் அடித்த கடிதமாம், அந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்கு, வத்சலா பெயர் முதல் வரியில். மீனா படித்துச் சொன்னாள். வத்சலாவின் கையெழுத்தும் வேண்டும்.

பத்தரைக்கு அவள் ஏழாம் வகுப்பிலிருந்து வெளியே வந்தாள். அவரைப் பார்த்தாள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். என்னைப் பார்த்தாள். எதிர் வகுப்புக்குள் போய்விட்டாள்.

இவர் என்னிடம்: “பார்த்தாளா?”

“பார்த்தாங்க சாப்.”

ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்கிறது. எட்டாம் வகுப்புக்கு மகரந்தம், சூல்முடி. நிஜக் குரல். பிள்ளைகள் ஏதோ கேட்டுச் சிரிக்கின்றன.

பதினொன்றரை. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் பிள்ளை வந்தது. “டீச்சர் க்ளாஸ் முடியட்டும்னாங்க. இன்னும் ரெண்டு பீரியட் இருக்கு.”

என்ன சொல்கிறாள் என்றார் சாப். சொன்னேன்.

“அதற்குப் பிறகு வருவாளா?”

அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். அது தோளைக் குலுக்கிவிட்டு ஓடியது.

அவர் கவரை மடிமேல் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார். நானும் அவர் பக்கத்தில். அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தது இதுவரை இல்லை.

பன்னிரண்டு பத்து. இன்னும் ஒரு பீரியட்.